பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்ட மே மாதம்

ஃபோட்டோ பிடிக்கும் தொழிலில் மற்றவர்கள் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பிழைக்கிறார்கள். "சிரிக்காதீங்க" என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். பாஸ்போர்ட், விசா, ஆதார் திருத்தம், போலீஸ் சரிபார்ப்பு, இன்னும் பெயர் வாயில் நுழையாத மனுக்கள் எல்லாவற்றுக்கும் முகம் எடுத்துத் தருவது என் வேலை. கடை மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனுக்குப் போகிற சந்தில் இருக்கிறது. ஒரு கேமரா, ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் துணி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லாமினேஷன் மெஷின். உங்கள் அடையாள அட்டையில் நீங்கள் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தால், அது என்னைப் போன்ற யாரோ ஒருத்தியின் கைங்கரியம். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கவுன்ட்டரை எட்டிய பிறகு "ஃபோட்டோ சரியில்ல, வேற எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அன்றைக்கு என்னைத் திட்டியது எனக்கும் கேட்டது.

அந்த வெள்ளைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சந்தில் நடமாட்டம் குறைந்துவிடும். மின்சார ரயில் போகும்போது துணி லேசாக ஆடும். அந்த நேரத்தில் அதற்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும், அவர் எந்த ஊரையும் சேராதவர் என்று எனக்குத் தோன்றும். பின்னால் வீடு இல்லை, தெரு இல்லை, மரம் இல்லை. முகம் மட்டும் மிதக்கும். நான் பாட்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சிறிது நேரத்தில் அந்த முகம் வாயைத் திறந்து, யார் யாரையெல்லாம் இந்த நாட்டைவிட்டு விரட்ட வேண்டும் என்று சொல்ல ஆரம்பிக்கும். அங்கே உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு எப்படியோ இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், "முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்குங்க" என்று சொல்லிவிடுவேன்.

கண்ணாடியைக் கழற்றிய மாமா

ராஜகோபாலன் மாமா மத்திய அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மாமி போன பிறகு மாம்பலத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் அமெரிக்காவில். அவனைப் பார்க்கப் போக விசா கேட்டார். இரண்டு முறை இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவது முறைக்கு ஃபோட்டோ எடுக்க வந்தார். அமெரிக்காக்காரர்களுக்கு ஃபோட்டோ சதுரமாக இருக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி கூடாது. கண்ணாடியைக் கழற்றினால் மாமாவுக்கு எதுவும் தெரியாது. மூலையில் சுற்றிக்கொண்டிருந்த பெடஸ்டல் ஃபேனை நான் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார்.

"மல்லிகா, இந்த நாடு தர்மசத்திரம் ஆயிடுத்து. யார் வேணா வரா, யார் வேணா தங்கறா. பார்டர்ல ஒரு எலி நுழையப்படாது. நுழைஞ்சா பிடிச்சு அன்னிக்கே திருப்பி அனுப்பணும். கருணை கிருணைன்னு ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது" என்றார். ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது. நான் போய் அவர் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி வைத்து எடுத்தேன். திரையில் பார்த்தால் அது அதிகாரி முகமாக இல்லை. பிளாட்பாரத்தில் யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிறவர் முகமாக இருந்தது.

"உங்க புள்ள இங்க வந்து பாத்துட்டுப் போகலாமே மாமா" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மகனுடைய விசா முடிந்து நாலு வருஷம் ஆகிறதாம். புதுப்பிக்க முடியவில்லை. அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மாமி போனதற்குக்கூட அவன் வரவில்லை, ஃபோனில்தான் பார்த்தான். சொல்லிவிட்டு மாமா ஸ்டூலைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டதும் மறுபடி அதிகாரியாகிவிட்டார். நான் ஒன்றும் கேட்காமலேயே பதில் சொன்னார்: "அவன் பிளேன்ல சீட் பெல்ட் போட்டுண்டு போனவன். அத எப்படிம்மா ஊடுருவல்னு சொல்றது?"

ஆறு மாத முகம்

"ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம்" என்று எல்லா மனுவிலும் போட்டிருக்கும். மனு நகர்வதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அதனால் சுகந்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். என் கம்ப்யூட்டரில் அவள் முகம் ஏழெட்டு இருக்கிறது. வேலை இல்லாத மத்தியானங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்ப்பேன். வகிட்டின் ஓரத்தில் நரை ஏறுவது தெரியும். எல்லாவற்றிலும் பார்வை மட்டும் ஒன்றுதான். எந்த நிமிஷமும் தன் பெயரைக் கூப்பிடுவார்கள், தவறவிட்டுவிடக் கூடாது என்கிற பார்வை.

அவள் அப்பா அம்மா மன்னாரிலிருந்து படகில் தப்பி வந்தவர்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தபோது சுகந்தி பிறந்தாள். இப்போது தி.நகரில் பிளவுஸ் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள். சண்டை ஓய்ந்த பிறகு அம்மா, சுகந்தியின் தம்பியோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். இப்போது சர்க்கரை வியாதியில் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. வீடியோவில் பேசினாலும் பழக்கத்தில் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாராம். சுகந்திக்கு அம்மாவின் கம்மல் மட்டும் தெரியும். முழுக் கண்ணும் போவதற்குள் அம்மா தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அகதியாகவே போனால் போகலாம், திரும்பி வர வழி கிடையாது. இந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தால்தான் போய்விட்டு மகளிடம் திரும்பலாம்.

அதற்கு வழியும் இருந்தது. எண்பத்தேழு ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றவர்கள் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகள் என்கிறது சட்டம். சுகந்தி பிறந்தது அந்த வருஷம் மே மாதம். சில வாரங்கள் முந்திக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தம்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த மே மாதத்துக்குச் சாட்சி, முகாமுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு பிறப்புச் சீட்டு. உள்ளங்கை அகலம், நீல மை எழுத்து, ஊதா முத்திரை. மடிப்பில் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் கேட்காமலேயே அசலை லாமினேட் செய்தேன், காசும் வாங்கவில்லை. சூடாக வெளியே வந்த சீட்டைத் துப்பட்டாவால் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இனி மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது இல்லக்கா?"

கடைச் சட்டை

என் கடைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை தொங்கும். நீலக் கட்டம், விறைப்பான காலர். பனியனோடும் கழுத்தில்லாத டி-ஷர்ட்டோடும் வருகிறவர்களுக்காக வைத்திருப்பது. முதுகில் நாலு கிளிப் போட்டு இறுக்கினால் எந்த உடம்புக்கும் பொருந்தும். தி.நகர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போடும் தபன் ஒரு மத்தியானம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் வங்காளத்தின் வடக்குப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர், ஆளுக்கொரு ஃபோட்டோவும் ஆதாரும் கொடுங்கள், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் எவனாவது பங்களாதேஷ்காரன் இருந்தால் தன் தலையில் விடியும் என்று அவருக்குப் பயம். ஹோட்டல் யூனிஃபார்மில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பதினோரு பேரும் வரிசையாகச் சட்டையை மாட்டி, கழற்றி, அடுத்தவனிடம் கொடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் தபன் தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொன்னான். "வருஷா வருஷம் எடம் மாறும் அக்கா. நைட்டு இந்தப் பக்கம் படுப்போம். காலையில பாத்தா ஊடு அந்தப் பக்கம் கீது." அவன் சொல்லச் சொல்ல, வெள்ளைத் துணியில் தண்ணீர் நகர்வது மாதிரி எனக்கு இருந்தது. கிளிப் போடுவதை மறந்து நின்றுவிட்டேன்.

நாலாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பதினோரு ஃபோட்டோவையும் என் மேஜையில் சீட்டு பரப்புவது மாதிரி பரப்பினார். பதினோரு பேருக்கும் ஒரே சட்டை. ஒரே ஆளின் உடம்பில் முகத்தை மட்டும் மாற்றி ஒட்டி யாரோ மோசடி செய்திருக்கிறார்கள் என்று மேலதிகாரிக்குச் சந்தேகமாம். நான் கதவைச் சாத்தி, ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினேன். அவர் காலரைத் தொட்டுப் பார்த்தார். கிளிப்புகளை எண்ணினார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு கடமை ஞாபகம் வந்துவிட்டது. "சட்டையை ஸ்டேஷன்ல காட்டணும்மா. சட்டைக்கு ஓனர் நீதானே, அப்டியே உன் ஆதார் ஜெராக்ஸும் ஒண்ணு எடுத்துக்கினு வா."

எத்திராஜின் வெளிநாட்டுப் பயணம்

எங்கள் சந்தில் மீன் விற்கிற அம்மாவின் கணவர் எத்திராஜ். பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்துக்காரர். மீனவர் அட்டைக்கு ஃபோட்டோ எடுக்க வந்தார். அன்றைக்கு சுகந்தியும் கடையில் இருந்தாள். பேச்சுவாக்கில், சொந்தக்காரர் படகில் கூலிக்கு ராமேஸ்வரம் பக்கம் போய், எல்லை தாண்டிவிட்டார்கள் என்று பிடிபட்டு, மன்னார் ஜெயிலில் சில வாரங்கள் இருந்த கதையைச் சொன்னார். "தண்ணில கோடு இன்னா தெரியுது? படகுல கீற ஜி.பி.எஸ். பொட்டி கூவுனாத்தான் தெரியும். அன்னிக்கு பொட்டி தூங்கிட்ச்சி" என்றார்.

மன்னார் என்றதும் சுகந்தி எழுந்து வந்துவிட்டாள். கோட்டையைப் பார்த்தீர்களா, கரையில் கழுதைகள் நிற்குமாமே பார்த்தீர்களா, கோயில் மணி கேட்டதா என்று கேட்டாள். அவள் ஒருமுறைகூடப் பார்க்காத ஊர். அவர் ஜெயில் வேனின் கம்பி வழியாகப் பார்த்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னார். கழுதைகள் ரோட்டில் நின்றதால் வேன் நின்றதாம். காற்றில் கருவாட்டு வாசனை அடித்ததாம். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் ஷட்டரில் விரலை வைத்தபடியே அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்போர்ட் இல்லாம போனீங்க. அப்புறம் யார் உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க?" என்று சுகந்தி கேட்டாள். "நம்ம கவர்மென்ட்டுதான். பிளேன் ஏத்தி இட்டாந்தாங்க. மாலைகூடப் போட்டாங்க" என்றார் எத்திராஜ். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எத்திராஜுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்காகத் திரையில் தெரிந்த தன் முகத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா யக்கா இப்டி எடுத்துட்ட? அந்தூரு ஜெயில்ல ஒரு ஃபோட்டோ எடுத்தாங்க பாரு, அதுல நான் சோக்கா கீறேன்."

மே மாதம்

நான் செய்த உபகாரத்தின் லட்சணம் அடுத்த மாதம் தெரிந்தது. லாமினேட் செய்த அசல் செல்லாது என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பின்பக்கத் தாளைப் பார்க்க வேண்டும், பிரித்துக் கொண்டு வா என்றார்களாம். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, ஒரு தடவை ஒருவருடைய ஜாதகம் என்று எத்தனையோ தாளைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு தாளைப் பத்திரப்படுத்தினால் அது செத்துப்போகும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தெரியாது என்று சொல்வதுகூடப் பொய். ஒருவர் இருவர் வந்து சொல்லியிருக்கிறார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

"நானே பிரிச்சித் தரேன்" என்றேன். மெல்லிய துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தேன். ஓரம் நெகிழ்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். அம்மா பெயர் வந்தது, பெண் குழந்தை என்ற வரி வந்தது, ஆஸ்பத்திரி முத்திரை பாதி வந்தது. தேதி வரியில் மை தாளைவிட்டுப் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. நாளும் வருஷமும் தாளில் இருந்தன. நடுவில் மாதம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஐந்து என்ற எண் அங்கே இருந்தது, இடவலம் மாறி, நீலமாக, நல்ல தெளிவாக.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான். எட்டாவது மாதமாகவும் அது இருந்திருக்கலாம் என்று இனி யாரும் சொல்லலாம். சொன்னால் அவள் அகதி. அசலில் இல்லாத மாதம் ஜெராக்ஸில் மட்டும் இருப்பது இன்னும் வம்பு. பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டபோதும், பழைய பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது. அன்றைக்கு சுகந்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிளாஸ்டிக்கை என் கையிலிருந்து வாங்கி, பர்ஸில் மகளுடைய ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அக்கா, மாதம் தொலையல. இடம் மாறி இருக்கு, அவ்வளவுதான்."

மாமாவின் இங்கிலீஷ்

ஒரு வழி இருந்தது. சீட்டு முழுசாக இருந்தபோது நான் பார்த்தேன், என் கையால் நகல் எடுத்தேன், என் கையால் பாழாக்கினேன் என்று நான் நோட்டரி முன்னால் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டும். ராஜகோபாலன் மாமாவைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? பயந்துகொண்டேதான் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஆத்துல பேப்பர் இருக்கு, சாயங்காலம் வா" என்றார்.

மூன்று முறை எழுதினார். முதல் முறை நான் அசட்டுத்தனமாகச் செய்துவிட்டேன் என்கிற மாதிரி இருந்தது. "நீ அசடுன்னு போட்டா உன் சாட்சி எடுபடாது" என்று கிழித்துப் போட்டார். இரண்டாவது முறை சட்டப் பிரிவுகளைப் போட்டார். "இது ரொம்ப வக்கீலாட்டம் இருக்கு" என்று அதையும் கிழித்தார். நடுநடுவே, எல்லையைத் திறந்துவிட்டால் தேசம் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போதும் பேனா நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமியின் படத்துக்குப் பக்கத்தில் மகனின் பட்டமளிப்புப் படம் இருந்தது. "அவ அம்மாவுக்குக் கண்ணு சுத்தமா போயிடுத்தா?" என்று ஒருமுறை தலை நிமிராமல் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது பிரதியை எழுதி முடித்தார். ஒரு பக்கம், பன்னிரண்டு வரி. படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டபோது எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போடுங்கள் மாமா என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபமில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். "எழுதிக் குடுத்தது ஒரு பொண்ணுக்கு, மல்லிகா. கையெழுத்துப் போட்டா அது கொள்கைக்குப் போட்டதா ஆயிடும்."

என் பிறந்த தேதி

நோட்டரி வக்கீல் அம்மாவின் அலுவலகம் சைதாப்பேட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டாவது சாட்சியாகச் சுகந்தியின் தையல் கடை முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார். வக்கீல் அம்மா என்னைப் பார்த்து, "சாட்சி சொல்றவங்களோட பிறந்த தேதிக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களா?" என்றார். என்னிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. நான் பிறந்த காலத்தில் ஆற்றங்கரைக் குடிசையில் யார் போய் எழுதி வைத்தார்கள்? பள்ளிக்கூடத்து டி.சி. இருந்தது, கொடுத்தேன். வக்கீல் அம்மா ஒரு பார்வை பார்த்தார், ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார், முத்திரை குத்தினார். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சுகந்தி அந்த முத்திரை விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பாலத்தில் நடந்தோம். கீழே அடையாறு கறுப்பாக, அசையாமல் கிடந்தது. நான் பிறந்த இடத்தைக் காட்டினேன். குடிசைகளை எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அனுப்பி வருஷங்கள் ஆகின்றன. இப்போது அங்கே கம்பி வேலியும் நாணலும்தான். "ஜூன் ஒண்ணா அக்கா உங்க பிறந்த நாள்? சொல்லவே இல்லையே" என்றாள். அப்போதுதான் சொன்னேன். ஆற்றில் வெள்ளம் வந்து, குடிசைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது நான் பிறந்ததாக அம்மா சொல்லும். இந்த ஊரில் ஜூன் மாதம் ஏது வெள்ளம்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அம்மாவுக்குத் தேதி தெரியவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றார் ஹெட்மாஸ்டர். விரல் நுனி தொட்டது. அப்படியென்றால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று, அவரே கணக்குப் போட்டு ஜூன் ஒன்று என்று எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். அதை வைத்துத்தான் எனக்கு ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார், கடை லைசென்ஸ் எல்லாம் வந்தன. இன்றைக்கு அதை வைத்துத்தான் அவளுக்குச் சத்தியமும் செய்திருக்கிறேன்.

சொல்லி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சுகந்தி நின்றுவிட்டாள். ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போனது. தண்ணீரைப் பார்த்தபடியே கைப்பையை இடது தோளுக்கு மாற்றினாள். வலது கையை மெதுவாகத் தூக்கி, தலைக்கு மேலே வளைத்து, இடது காதைப் பிடித்தாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. எப்போதும் நம்மைப் போலவே பேசுகிறவள், அன்றைக்கு அவள் அம்மாவின் மன்னார்ப் பேச்சில் சொன்னாள்: "எனக்கும் எட்டுது தானேக்கா."

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நிஜமான மே மாதத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள், பொய்யான ஜூன் மாதத்தை வைத்துக்கொண்டு நான் அவளுக்குச் சாட்சி.